மருதாணிக்கு மேலே ஒரு கரிக்கோடு

போன மாதம் எங்கள் அக்காவின் பேத்திக்குக் கும்மிடிப்பூண்டியில் மஞ்சள் நீராட்டு. கோன் மருதாணி போட ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அவள் போனில் டிசைன் டிசைனாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா மைச்சிமிழோடு வந்து உட்கார்ந்தாள். பேத்தியின் வலது கையைத் திருப்பி, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், உள்பக்கமாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள்.

"இன்னா ஆன்ட்டி, டிசைன் போற எடத்துல வெச்சிட்டீங்க? திருஷ்டின்னா கன்னத்துல வைங்க" என்றாள் அந்தப் பெண்.

"இதுக்கு மேல ஏறாம உன் டிசைன நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய்விட்டாள். சின்னதுகள் எல்லாம் சிரித்தன. பெருசுக்கு ஒரு கிறுக்கு என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

அவர்களுக்குச் சொல்ல நேரமில்லை, கேட்கவும் அவர்களுக்குப் பொறுமையில்லை. நம் வயதுக்காரர்களுக்குத்தான் இரண்டும் கொட்டிக் கிடக்கிறதே. மூட்டுவலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். நைனாவுக்கு வலை, ஏரி, பீடி இந்த மூன்றும் போதும். அக்காவுக்கு இருபது வயது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை அக்காவுக்கு அமைந்தார். மாதச் சம்பளம், பையில் பேர் தைத்த காக்கிச் சட்டை. எங்கள் அம்மா அந்தச் சட்டையைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்களுக்கு அது பட்டுச்சட்டை என்றுதான் தோன்றும்.

அக்கா இறால் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஐஸில் கொட்டிய இறாலை நாள் முழுக்கத் தலை கிள்ளி, தோல் உரிக்க வேண்டும். இறாலின் மண்டையில் ஊசி மாதிரி ஒரு கொம்பு இருக்கும். அது குத்தாத விரல் எங்கள் குப்பத்தில் கிடையாது. குத்தினால் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, மறுபடியும் ஐஸுக்குள் கையை விடுவார்கள். கை மரத்துப்போயிருப்பதால் வலியும் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்காவுக்கு அப்படித்தான் குத்தியது. வலது கை நடுவிரல், உள்பக்கம், மடிக்கிற ரேகையிலேயே. இரண்டு நாளில் விரல் பூசணிப் பிஞ்சாக வீங்கியது.

"நகச்சுத்து" என்றாள் அம்மா. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு, மஞ்சளும் உப்பும் திணித்து விரலில் செருகிவிட்டாள்.

நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழம் செருகாத வீடு நம் பக்கம் உண்டா? நானும் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆனால் அக்காவுக்கு நகத்தோரத்தில் ஒன்றுமேயில்லை. வீங்கியது விரலின் உள்பக்கம். விரல் வீங்கினால் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் எங்கள் வைத்தியம். எந்தப் பக்கம் வீங்கியது என்று கேட்கிற வழக்கமில்லை. மஞ்சள் தொப்பி போட்ட விரலோடு அவள் நடமாட, நான் "ஒத்தை வெரல் ராணி" என்று சுற்றிச் சுற்றி வந்து கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

பழம் வாடியதே தவிர வீக்கம் வடியவில்லை. விரல் பாதி மடங்கி நின்றுவிட்டது. யாராவது நிமிர்த்தப் பார்த்தால் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தலை பின்ன என்னைக் கூப்பிட்டாள். சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்து போனாள்.

"கல்யாணப் பொண்ணு சொகுசு பாத்தியா" என்றாள் அம்மா.

அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கல்யாணம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது, மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு. இன்னொரு தடவை தள்ளிப்போனால் பெண்ணுக்கு ராசியில்லை என்று பேர் வந்துவிடும். அந்தப் பேர் வந்துவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் அம்மாவின் கண்ணுக்கு அந்த விரல் பெரிதாகத் தெரியவில்லை. தெரிய விடவில்லை என்றும் சொல்லலாம். அக்காவும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மருதாணி. சாக்கு நிறைய இலை வந்தது. கொட்டைப்பாக்கு, புளி, டீத்தண்ணி எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்தார்கள். அந்தப் பச்சை வாசனை இப்போது கோனில் வருவதில்லை, அதில் ஏதோ மண்ணெண்ணெய் நாற்றம்தான் வருகிறது. அம்மா அக்காவின் வலது கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, நோவு விரலுக்குத் தடிமனாக அப்பினாள். "மருதாணி குளிர்ச்சி. ராத்திரிக்குள்ள சூட்டையெல்லாம் இழுத்துடும் பாரு" என்றாள். உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு வரைக்கும் பூசிப் பழைய சேலைக் கிழிசலால் கட்டினாள். மிச்சத்தில் எனக்கும் ஒரு கை கிடைத்தது.

விடியும்போது என் கை சில்லென்றிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த அக்காவின் கை தெரியாமல் என் கன்னத்தில் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி சுட்டது. நான் எழுந்து ஓடினேன்.

"ம்மா, அக்கா கை கொதிக்குது."

"கல்யாணச் சூடுடி. உனக்கும் ஒரு நாளு வரும், அப்பத் தெரியும். போய் மூஞ்சி கழுவு."

கட்டைப் பிரித்துக் கழுவினார்கள். ஐயோ, அந்தச் சிவப்பு! கை முழுக்க, மணிக்கட்டு முழுக்க ஒரே சிவப்பு. மருதாணி சிவந்தால் புருஷன் ஆசையாக இருப்பான் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கணக்குதானே. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையைப் பார்த்ததும் பந்தலே அதிரக் கத்தினாள்.

"யம்மாடி, இன்னா செவப்பு! மாப்ள இவளத் தலைல தூக்கி வெச்சினு ஆடப்போறான்!"

உடனே குப்பமே வந்து பார்த்தது. அக்கா ஒவ்வொருவருக்கும் கையை நீட்டிக் காட்டினாள். உடம்பு லேசாக நடுங்கியது. வெட்கம் என்றார்கள். மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கமாக ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. தூக்கத்தில் சாறு வழிந்திருக்கிறது என்றார்கள். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது. நானும் நம்பினேன். கை மட்டும் ஏன் அப்படிச் சுடுகிறது என்று கேட்டு என் கன்னம்தான் நம்ப மறுத்தது.

அப்போதுதான் அத்தை வந்தாள்.

அத்தை நைனாவின் தங்கை. ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தாள். புருஷனை இழந்தவள். அதனால் பந்தலுக்குள் வராமல், வெளியே குவித்து வைத்திருந்த வலைகளின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்று பல மாதமாகியிருந்தது. தன் பையனுக்கு அக்காவைக் கேட்டாள், அம்மா கொடுக்கவில்லை. "என் பொண்ணும் வலை அலசினே சாவணுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வராமல் இருக்க அத்தைக்கு மனசு வரவில்லை.

பெரியம்மா யாருக்கோ காட்டுவதற்காக அக்காவின் கையை உயரத் தூக்கிப் பிடித்தாள். அத்தை தூரத்திலிருந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் பந்தலுக்குள் இருந்தாள். அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அண்ணி, மருதாணி எதுவரைக்கும் வெச்சீங்க?"

அம்மா குறுக்கே வந்தாள். "கைய உடு. நலங்கு வெக்கற பொண்ண நீ தொடலாமா?"

"எதுவரைக்கும் வெச்சீங்கன்னு கேட்டேன்."

"மணிக்கட்டு வரைக்கும். சாறு வழிஞ்சிருக்கு. இப்ப இன்னா அதுக்கு?"

அத்தை அந்தச் சிவப்புக் கோட்டைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடம் வெளுத்தது, பிறகு மெல்லச் சிவந்தது. "சாறுன்னா அமுக்கினா வெளுக்குமா? இது உள்ள ஓடுற செவப்பு. வெரல்ல சீழ் வெச்சிருக்கு. வெஷம் மேல ஏறுது அண்ணி. இப்பவே டாக்டர்கிட்ட இட்டுனு போங்க."

"கெடைக்கலன்ற வயித்தெரிச்சல்" என்று யாரோ சொன்னார்கள். சத்தமாகவே சொன்னார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். அத்தை என்றாலே எங்களுக்கு அப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அம்மா அழ ஆரம்பித்தாள். "உனக்குக் குடுக்கலன்னு இப்பிடி வந்து நிக்கிறியே. நாளைக்கு முகூர்த்தம். தாலி ஏறட்டும், நானே இட்டுனு போறேன்."

அத்தை நேராகச் சமையல் அடுப்புக்குப் போனாள். ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். யாரும் தடுப்பதற்குள், சிவப்பு எங்கே முடிகிறதோ சரியாக அங்கே, அக்காவின் கையில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

கல்யாணப் பெண் கையில் கரி. அதுவும் அத்தை கையால்.

"நாஷ்டா முடிச்சிட்டு வந்து பாருங்க. இந்தக் கோட்டத் தாண்டலன்னா நான் வயித்தெரிச்சல் புடிச்சவதான். இந்த ஊட்டு வாசல இனிமே மிதிக்க மாட்டேன்."

அம்மா முந்தானையில் எச்சில் தொட்டு அந்தக் கரியைத் துடைக்கப் பாய்ந்தாள். நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் பந்தல் கால் பக்கம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தவர். "இருக்கட்டும்" என்றார். அந்த வீட்டில் அவர் அப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மாமாவுக்கு, அதாவது அத்தையின் புருஷனுக்கு, கையில் கெளுத்தி முள் குத்தியிருந்தது. ஊரில் எல்லோரும் அவர் குடித்துக் குடித்துச் செத்ததாகத்தான் பேசுவார்கள். அத்தை மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு கையில் ஏறி அக்குளுக்குப் போனதைப் பார்த்திருக்கிறாள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசி நேரத்தில் படகில் அவரைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கழி ஊன்றியது நைனாதான்.

இட்லி அண்டாவில் ஒரு ஈடு வெந்து இறங்கியது. சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் போய்ப் பார்த்தேன். கரிக்கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"தாண்டிடுச்சு" என்று கத்தினேன்.

அம்மா ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள். அத்தை செய்த மாதிரியே கட்டைவிரலால் அழுத்தினாள். வெளுத்துச் சிவந்தது. அவள் முகத்திலிருந்து கல்யாணம் அப்படியே இறங்கிப்போனதை நான் பார்த்தேன். அப்புறம் அவள் வெறும் அம்மா.

"ஏங்க, வண்டி பாருங்க" என்று அலறினாள்.

பொன்னேரியில் இருந்த டாக்டர், எடுத்தவுடன் அக்காவின் விரலைத் தொடவில்லை. முதலில் அது மடங்கியிருந்த விதத்தைத்தான் பார்த்தார். லேசாக நிமிர்த்தப் போனார், அக்கா துள்ளி விழுந்தாள்.

"நகத்தோரம் வர்ற சீழ் வேற, இது வேறம்மா. விரலை மடக்குற நார் ஓடுற குழாய்க்குள்ள சீழ் கட்டியிருக்கு. எலுமிச்சம்பழமும் மருதாணியும் அங்க எப்படிப் போகும்? கீறித்தான் எடுக்கணும், இன்னைக்கே. இல்லேன்னா விரல் போகும், கையும் போகலாம்." அப்புறம் கரிக்கோட்டைப் பார்த்தார். "இது யார் போட்டது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நைனாதான் "என் தங்கச்சி" என்றார்.

"இத யாரும் அழிச்சிடாதீங்க. இங்கேருந்துதான் கணக்கு" என்றார் டாக்டர். பேனாவை எடுத்து, அந்த நேரத்துச் சிவப்பு முடிகிற இடத்தில் தானும் ஒரு கோடு போட்டார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே கீறிச் சீழெடுத்து, குழாய் வைத்துக் கழுவி, ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். கையைக் கட்டி ஒரு கம்பியில் மேலே தொங்கவிட்டார்கள். சிவப்பு முதலில் பேனாக் கோட்டுக்கு இறங்கியது, அப்புறம் கரிக்கோட்டுக்கு. வார்டில் உடம்பு துடைக்க வருகிறவள் ஈரத்துணியோடு வந்தபோதெல்லாம், அம்மா அந்தக் கோட்டின் மேல் தன் கையைக் குடை மாதிரிப் பிடித்துக்கொள்வாள். "இத உட்டுட்டுத் தொடைம்மா" என்பாள். கரி மங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகிறவரைக்கும் பிடித்தாள்.

முகூர்த்த நாள் ஆஸ்பத்திரியிலேயே போனது. மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கையில் சீழ் பிடித்த பெண், இரண்டாவது தடவை தட்டிப்போன கல்யாணம். அம்மா அதற்கெல்லாம் அழுது முடித்திருந்தாள்.

ஷிஃப்ட் முடிந்த கையோடு மாப்பிள்ளை வந்தார். அந்தக் காக்கிச் சட்டையில் பட்டு ஒன்றுமில்லை, எண்ணெய்க் கறையும் இரும்பு வாசனையும்தான் இருந்தன. தொங்குகிற கையைப் பார்த்தார். பக்கத்தில் மூடி வைத்திருந்த தட்டைப் பார்த்தார்.

"சோறு துன்னியா?" என்றார்.

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். அவர் கை கழுவிவிட்டு வந்து, அத்தனை பேர் முன்னாலும் பிசைந்து ஊட்டினார். அக்கா ஒவ்வொரு வாய்க்கும் அழுதாள். பின்னாலேயே வந்திருந்த அவருடைய அம்மா ஏதோ இழுத்தார்கள்.

"சும்மா இரும்மா. எங்க கம்பெனில மிஷினு வெரலையே எடுத்துனு போவுது. இவுளுக்கு வெரலு கைலயே கீது. வேற இன்னா வோணும்?" என்றார் அவர். எனக்கு இந்த உலகத்தில் முதல் முதலாகப் பிடித்த ஆம்பிளை அவர்தான், இப்போதும் அதை அக்காவிடம் சொல்லி வம்புக்கு இழுப்பேன்.

விரல் தப்பித்தது. முழுசாக அல்ல. எவ்வளவோ மடக்கி நீட்டிப் பழகியும் நடுவிரல் கொஞ்சம் வளைந்தேதான் நின்றது. இறால் ஷெட்டுக்கு அக்கா அதற்கப்புறம் போகவில்லை.

மழைக்காலம் கழிந்து கல்யாணத்துக்கு மறுபடி நாள் குறித்தார்கள். இந்தத் தடவை மருதாணி கிடையாது. அத்தைக்குப் பத்திரிகை கொண்டுபோன நைனா வெறும் முகத்தோடு திரும்பி வந்தார். "ஒரு தபா பொண்ணு கைல கறுப்பு வெச்சது போதும்ணா. நல்லா இருக்கட்டும். நான் வரல" என்று சொல்லிவிட்டாளாம். பந்தலில் வைத்துச் சொன்ன சொற்களை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு எடுத்துக்கொள்ளவும் தெரியாது. கடலை உருண்டை பிடித்து ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தாள், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று அக்காவைச் சிங்காரித்து முடித்து, அம்மா திருஷ்டிப் பொட்டு வைக்க மைச்சிமிழைத் திறந்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தை வரட்டும்."

"இன்னாடி பேஜாரு இது? நேரமாவுது."

"அத்தை வந்து வெக்கட்டும். அப்பறம் எழுந்துக்கிறேன்."

புருஷனில்லாதவள் கையால் முகூர்த்தத்துக்கு முன்னால் பொட்டா? கிழவிகள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். நைனா யாரையும் எதுவும் கேட்கவில்லை. கல்யாண வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு படகைத் தள்ளினார். மேளக்காரர்கள் இரண்டாவது டீ குடித்தார்கள். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தபடி, அவசரமே இல்லாதவர் மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை வந்தாள். கட்டியிருந்த சேலையோடு அப்படியே கூட்டி வந்திருந்தார் நைனா. அவள் பழையபடி வலைக் குவியல் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்து ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

அம்மா எழுந்து போனாள். அத்தனை பேரும் பார்க்க, அத்தையின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்து வந்தாள். மைச்சிமிழை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். மன்னிச்சுக்கோ என்றெல்லாம் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நேரமாவுது, வெய்யி" என்றாள்.

அத்தை மையைத் தொட்டுக்கொண்டு அக்காவின் கன்னத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். அக்கா தலையாட்டிவிட்டு வலது கையை நீட்டித் திருப்பிக் காட்டினாள், பழைய கோடு இருந்த இடம்.

"இங்கியா?"

"இங்கதான் அத்தை. எது வந்தாலும் இதுக்கு மேல ஏறாம நிக்கட்டும்."

அத்தை அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை வைத்தாள். பொட்டு பொட்டாக விழவில்லை. இழுபட்டு, குறுக்கே ஒரு சின்னக் கோடாக விழுந்துவிட்டது.

"ஐயோ, கோணலாப் பூடுச்சே" என்று அவள் முந்தானையை எடுத்தாள்.

அம்மா சட்டென்று அதன் மேல் கையைக் குடை பிடித்தாள். "தொடைக்காத" என்றாள்.